தலையாட்டிய பிறகுதான் பதில்

கஸ்தூரி அக்கா ஸ்லேட்டை என் பக்கம் திருப்பினாள். "நீதான் பேசணும்" என்று எழுதியிருந்தாள்.

வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றின் மேல்மாடி வார்டு. ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் விளிம்பில் எப்போது பார்த்தாலும் ஒரு காக்கை. அக்காவின் கழுத்தில் குரல்வளையை எடுத்த இடத்தில் துளை. அதன்மேல் கட்டியிருந்த வெள்ளைத் துணி ஒவ்வொரு மூச்சுக்கும் லேசாக உப்பி அடங்கியது. மூக்கில் கஞ்சிக்கான குழாய். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவாள். மற்றதெல்லாம் ஸ்லேட்டில்தான்.

குழந்தைகள் எழுதிப் பழகும் பிளாஸ்டிக் ஸ்லேட் அது. ஓரத்தில் இருக்கும் பட்டனை அழுத்தினால் எழுதியதெல்லாம் மறைந்துவிடும். தேரடி வீதியில் ஒரு பொம்மைக் கடையில் நான்தான் வாங்கினேன். கடைக்காரர், "பேரப் பிள்ளைக்குங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"யார்கிட்டக்கா பேசணும்?"

பட்டனை அழுத்தினாள். "பிரபுகிட்ட. மறுபடியும் இங்க வேணாம்னு சொல்லு."

பிரபு அவளுடைய ஒரே மகன். பெங்களூரில் வேலை. அன்று காலை டாக்டர் எங்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். நோய் திரும்பி வந்துவிட்டது. இப்போதைக்கு வீட்டுக்குப் போகலாம். திங்கட்கிழமை மறுபடி சேர்த்தால் இன்னொரு சுற்று மருந்து ஏற்றிப் பார்க்கலாம். மருந்து கேட்டால் சில மாதம் கூடும், கேட்காமலும் போகலாம். கூடுகிற மாதங்களில் பாதி இதே கட்டிலில்தான் போகும். பிரபு யோசிக்காமல் "ஏத்திடுங்க சார்" என்றான். அக்கா "வேணாம்" என்று எழுதி நீட்டினாள். அவன் அதைப் பார்க்காதவன் போல மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனான்.

"அக்கா, நான் அவன் கட்சி. எனக்கும் நீ இருக்கணும்" என்றேன்.

அவள் சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு. பிறகு நிதானமாக எழுதினாள். "தெரியும். அதனாலதான் உன்னக் கேக்கறேன். அவன் பக்கத்த உன்ன விட நல்லா யாரு எழுதுவா?"

ஒரு வாசகிக்குப் பதில்

இதை எழுதும்போது ஊர் தீபத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. லாட்ஜ்களுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். கிரிவலப் பாதையில் கடை போட இடம் பிடிக்கிற சண்டை தொடங்கிவிட்டது. செங்கம் ரோட்டில் ஆட்டோக்காரர்கள் இப்போதே சீசன் ரேட் பேசுகிறார்கள். கஸ்தூரி அக்கா இல்லாத முதல் தீபம் இது.

போன வாரம் இந்தப் பக்கத்தில் எங்கள் தெருத் தண்ணீர்க் குழாய்ச் சண்டையைப் பற்றி எழுதியிருந்தேன். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு சொல்லிட்டு நழுவறீங்களே, இதை யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நான் நழுவவில்லை தாயே. ஆனால் கற்றுக்கொண்டது ஒருத்தியோடு சேர்ந்துதான். அவளைப் பற்றி எழுத இத்தனை வாரம் ஒத்திப்போட்டேன். இனியும் ஒத்திப்போட்டால் எழுதவே மாட்டேன்.

எதிர்த்தாள்

நாங்கள் இருவரும் பட்டிமன்றப் பேச்சாளர்கள். டிவியில் வருகிறவர்கள் இல்லை. போளூர், செங்கம், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர் என்று எங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும் அங்கே ஒரு மேடையும் எங்களுக்கு இரண்டு நாற்காலியும் இருக்கும். நான் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. அவள் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் கிளார்க். வயதில் என்னைவிடச் சற்று மூத்தவள்.

என்ன தலைப்பாக இருந்தாலும் நாங்கள் எதிரெதிர் அணிதான். மேடையில் எங்கள் வாய்ச் சண்டையைப் பார்த்தவர்கள், இவர்கள் இருவரும் ஒரே வேனில் ஊர் திரும்புவார்கள் என்று நம்பமாட்டார்கள். வேனில் அவள் தோளில்தான் நான் தூங்குவேன்.

பட்டிமன்றப் பேச்சு அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைப் பேசுவது போலத் தெரியும். எல்லாம் எழுதித் தயாரித்ததுதான். அப்படி எழுதுவதில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அது வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

தண்டராம்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். பெண்ணுக்கு நிம்மதி பிறந்த வீட்டிலா, புகுந்த வீட்டிலா என்று தலைப்பு. அக்கா புகுந்த வீட்டுக் கட்சி. "பொசுக்குனு கோவம் வந்தா பொட்டியத் தூக்கிட்டு அம்மா ஊட்டுக்கு பஸ் ஏறிடறது" என்று புடவை முந்தானையை இடுப்பில் செருகி நடந்து காட்டினாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நடுவர் மணி அடிக்க மறந்து சிரித்தார். அன்றைக்கு நான் தோற்றேன்.

விழா நடத்தியவர் வீட்டில்தான் சாப்பாடு. பரிமாறிய பெண் அந்த வீட்டு மகள். சாம்பாரை ஊற்றிவிட்டு அக்காவின் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "நீங்க பேசினது நல்லா இருந்துச்சுக்கா. ஆனா அதுல என்ன மாதிரி யாரும் இல்லியே. நான் கோவிச்சுக்கிட்டு வரலக்கா. தொரத்தி உட்டாங்க."

அக்கா இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள். ஊரில் வேனிலிருந்து இறங்கும்போதுதான் சொன்னாள். "நோஞ்சானாப் பாத்து மல்லுக்கு நின்னேன் வசந்தா. ஜெயிச்சது ஒரு ஜெயிப்பா?"

அதற்கு அடுத்த பட்டிமன்றத்திலிருந்து வந்ததுதான் எதிர்த்தாள். ஒரு தாளின் நடுவில் கோடு போடவேண்டும். மேல் பாதியில் எதிராளியின் வாதம், கீழ்ப் பாதியில் நம் பதில். மேல் பாதியை எழுதியதும் அதை எதிராளியிடமே படித்துக் காட்டவேண்டும். "ஆமா, நான் சொல்றது இதான்" என்று அவள் தலையாட்டிய பிறகுதான் கீழ்ப் பாதியில் பேனா வைக்கலாம். ஆட்டாவிட்டால் கிழித்துப்போட்டு மறுபடி எழுதவேண்டும். எங்கள் நடுவர்களுக்கெல்லாம் இது பெரிய வேடிக்கை. பூனை போய் எலியிடம் உத்தரவு கேட்கிற கதை என்பார்கள்.

அவளிடம் தலையாட்டு வாங்குவது லேசு இல்லை. ஒருமுறை அவள் விவசாயத்தின் பக்கம், நான் மாதச் சம்பளத்தின் பக்கம். அவள் வாதத்தை "மண் எங்கள் தாய்" என்று தொடங்கி எழுதிக்கொண்டு போனேன். உதட்டைப் பிதுக்கினாள். "எங்கப்பா தாய்னெல்லாம் சொல்லிக்கிட்டு ஏர் ஓட்டல. வேற வேலை தெரியாது, ஓட்டினார். வருசா வருசம் மல்லாட்ட வெள்ளாம கைய விட்டாலும் மறுபடி அதையே போட்டார். அது ஏன்னு எழுது, தலையாட்டறேன்."

எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத என் கட்சி எனக்கே ஆட்டம் கண்டது. கீழ்ப் பாதிக்கு உண்மையிலேயே யோசிக்க வேண்டி வந்தது. அதுவரை நான் பேசியதெல்லாம் கைதட்டலுக்குப் பேசியது என்று அன்றைக்குத் தெரிந்தது.

இப்போது டிவியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். எதிரில் இருப்பவர் என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் பதில் மட்டும் தயாராக இருக்கிறது. இந்த ஆடி மாதம் எனக்கு எதிரணியில் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டார்கள். எதிர்த்தாளைப் பற்றிச் சொன்னேன். "எதுக்கு மேடம்? நீங்க என்ன பேசினாலும் ஸ்பாட்லயே கவுன்ட்டர் குடுத்துடுவேன்" என்றாள். கொடுக்கவும் செய்தாள். கெட்டிக்காரப் பெண்தான். எனக்குத்தான் அன்றைக்கு மேடையில் தனியாக நிற்பது போல இருந்தது.

அதிமதுரம்

எங்கள் தொழிலில் தொண்டை கட்டுவது சகஜம். கட்டாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும், இந்த வருஷம் யாரும் கூப்பிடவில்லை போலிருக்கிறது என்று. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, பனங்கற்கண்டும் மிளகும் அதிமதுரமும் இருக்கும்.

அதனால்தான் அக்காவின் குரல் கரகரத்தபோது நாங்கள் யாரும் பயப்படவில்லை. ஆடியில் கட்டிய தொண்டை ஐப்பசியிலும் தெளியவில்லை. "சீசன் ஜாஸ்தி, அதான்" என்றாள். நானும் அதையேதான் சொன்னேன். அந்தக் கரகரப்பில் அவள் பேசியபோது கைதட்டல்கூட ஜாஸ்தியாகத்தான் வந்தது. ஒரு நடுவர் மேடையிலேயே "எங்க கஸ்தூரியம்மா இப்பல்லாம் சிங்கம் மாதிரி பேசறாங்க" என்றார். நான் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கி, இடித்து, டப்பாவில் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

வேறு எந்த வேலையில் இருப்பவர்களாக இருந்தாலும் ஒரு மாதத்தில் டாக்டரிடம் போயிருப்பார்கள். நாங்கள் பொங்கல் நிகழ்ச்சிகள் முடியட்டும் என்று காத்திருந்தோம். முடிந்து டாக்டரிடம் போனபோது, குரலையே எடுக்கவேண்டும் என்று சொன்னார்கள்.

போளூர் வழியாக

அக்கா ஸ்லேட்டில் எழுதிக் கேட்ட அன்று சாயங்காலம் வேலூரிலிருந்து நான் மட்டும் பஸ்ஸில் திரும்பினேன். கண்ணமங்கலம் தாண்டியதும் மடியில் கைப்பையை வைத்து, அதன்மேல் தாளை வைத்துக் கோடு போட்டேன்.

மேல் பாதி, பிரபுவின் வாதம். அதை எழுத எனக்கு நேரமே ஆகவில்லை. போளூர் வருவதற்குள் பாதி நிரம்பி, மீதியைப் பின்பக்கம் எழுதினேன். அது என்னுடைய வாதமும்தானே. பஸ் குலுங்கியதில் எழுத்து கோணல்மாணலாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதியதில் பக்கத்து சீட்டு அம்மாள், "ஊட்டுக்காரருக்கு லெட்டராம்மா?" என்றார்.

கீழ்ப் பாதிக்கு ஒன்றும் வரவில்லை. அக்காவின் பக்கத்தில் நின்று பேச எனக்கு மனம் இல்லை. மனம் இல்லாமலே எத்தனையோ தலைப்புகளில் பேசியிருக்கிறேன். அங்கெல்லாம் தோற்றாலும் ஜெயித்தாலும் மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போனேன். இங்கே ஜெயித்தால் அவள் போய்விடுவாள்.

போளூர் தாண்டியதும் மலை தெரிந்தது. உச்சியில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது. வார்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் என்னிடம் முதலில் எழுதிக் கேட்கிற ஒரு கேள்வி அப்போதுதான் ஞாபகம் வந்தது. கீழ்ப் பாதியில் சில வரிகள் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம்

வேங்கிக்காலில் அக்கா வீடு. கூடத்தில் கட்டில். பிரபு அவளுக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றி முடித்திருந்தான். வாசல் கதவோரம் மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பை தயாராக இருந்தது. அதன்மேல் பிளாஸ்க்கும் தலையணையும்.

"காலைல ஆறு மணிக்குக் கெளம்பறோம் சித்தி. நீங்களும் வந்துடுங்க" என்றான்.

"வரேன். அதுக்கு முன்னால ஒரு எதிர்த்தாள் படிக்கணும்டா."

அவனுக்குத் தெரியும். நாங்கள் தலையாட்டச் சொல்லிச் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன். முகம் இறுகிவிட்டது.

"இது மேடை இல்ல சித்தி."

"மேடைன்னா இவ்ளோ பயப்படமாட்டேன். மொதல்ல நீ சொல்றதத்தான் படிக்கப்போறேன். தப்பா இருந்தா சொல்லு, கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் படித்தேன்.

"பிரபு சொல்றது. அப்பா பஸ் ஸ்டாண்டுல நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தார், எழுந்துக்கல. அவருக்கு ஒரு மாத்திரை வாங்கித் தரக்கூட நேரம் இல்ல. அம்மாவுக்கு நேரம் இருக்கு. கம்மியோ ஜாஸ்தியோ, ஒரு வழி இருக்குன்னு டாக்டரே சொல்றார். அத வேணாம்னு பெத்த புள்ள சொல்லலாமா? நாளைக்கு அவங்க இல்லன்னா, கூட்டிட்டுப் போயிருக்கலாமேன்னு தோணாம நான் ஒரு வாய் சோறு திங்க முடியுமா?"

"அவ்ளோதான் சித்தி. அதான் சொல்றேன்."

"இல்ல, இன்னும் ஒண்ணு இருக்கு. நீ அத வெளிய சொல்லல. படிக்கட்டுமா?"

தாளைத் திருப்பினேன். படித்தேன்.

"போன்ல அம்மா கரகரன்னு பேசறப்பல்லாம் நான் சிரிச்சேன். இன்னாம்மா மைக்க முழுங்கிட்டியான்னு கேட்டேன். அப்பவே வந்து கூட்டிட்டுப் போயிருந்தா இது இவ்ளோ தூரம் வந்திருக்காது. இப்பவும் விட்டேன்னா ரெண்டாவது தடவையும் விட்டவன் ஆயிடுவேன்."

பிரபுவின் தோள் குலுங்கியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினான். கட்டிலில் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு அதோடு தாளை மடித்துவிடத் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. ஆனால் அவன் தலையாட்டிவிட்டான்.

"பதில் கொஞ்சம்தான் இருக்கு" என்றேன். "வார்டுக்கு நான் வந்தப்பல்லாம் உங்கம்மா மொதல்ல எழுதிக் கேக்கறது ஒண்ணுதான். மலை மேல மேகம் இருந்துச்சான்னு. வலியப் பத்தி இல்ல, ரிப்போர்ட்டப் பத்தி இல்ல. அங்க ஜன்னல்ல ஒரு தண்ணித் தொட்டிதான்டா தெரியுது. இங்க மொட்டை மாடில சேர் போட்டா மலை முழுசாத் தெரியும். நீ அவளுக்கு மாசம் குடுக்கப் பாக்கற. அந்த மாசத்த எங்க உக்காந்து கழிக்கறதுன்னு அவ கேக்கறா."

மீதியைப் படித்தேன்.

"நீ விட்டவன் இல்ல. நாங்க எல்லாருந்தான் விட்டோம். அதிமதுரம் இடிச்சுக் குடுத்தவ நானு. அதுக்காக இப்ப அவளப் படுக்க வெச்சு மருந்து ஏத்தினா, அது நமக்குப் பாத்துக்கற வைத்தியம். அவளுக்கு இல்ல."

பிரபு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"சித்தி, உங்களுக்கு அம்மா வேணாமா?"

தாளில் இதற்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

"வேணும்டா" என்றேன்.

அவன் எழுந்து மொட்டை மாடிக்குப் போனான். நேரம் கழித்து இறங்கி வந்தான். கதவோரம் போய், பையின் மேலிருந்த தலையணையை எடுத்து அம்மாவின் முதுகுக்கு அண்டக் கொடுத்தான்.

"வலி இல்லாம மட்டும் இங்கயே யாரையாச்சும் வெச்சுப் பாத்துக்கலாம்ல சித்தி?" என்றான். பிறகு மருந்துக் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

அவள் எழுதிய எதிர்த்தாள்

நான் அடுப்படியில் நின்று அழுதேன். அவள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சாகிறதற்குக்கூட வக்கீல் வைத்துக்கொள்வாளா ஒருத்தி? அதுவும் என்னையா?

கூடத்திலிருந்து டம்ளரில் ஸ்பூன் தட்டும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன்.

அக்கா ஸ்லேட்டை மடியில் வைத்திருந்தாள். நடுவில் கோடு போட்டிருந்தாள். மேல் பாதியில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தாள்.

"வசந்தா சொல்றது. இவ போயிட்டா எனக்கு எதிர்ல யாரு? இன்னும் கொஞ்ச நாள் இருந்தா என்ன? கட்டில்ல கெடந்தாலும் இருக்கான்னு இருக்கும். இது என் சுயநலந்தான், இருக்கட்டுமே. இவளுக்காக நான் இன்னிக்குப் பேசினேன். எனக்காக யாரு பேசுவா?"

நான் படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியா என்பது போலப் புருவத்தை உயர்த்தினாள். நான் தலையாட்டினேன்.

கோட்டுக்குக் கீழே காலியாக இருந்தது. இனி அவள் பதில் எழுதவேண்டும், அதுதான் முறை. நான் காத்திருந்தேன். எத்தனை மேடையில் அந்தப் பதிலுக்கு நான் நடுங்கியிருக்கிறேன். அன்றைக்கு அது எப்படியாவது வந்துவிடாதா என்று இருந்தது.

அவள் பேனாவைக் கோட்டுக்குக் கீழே வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். கடைசியில் எழுதினாள்.

"இதுக்கு எங்கிட்ட பதில் இல்லடி."

நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் பட்டனை அழுத்தி எல்லாவற்றையும் அழித்தாள். வேறொன்று எழுதிக் காட்டினாள். "போயி காபி போட்டுக் குடி. மூஞ்சி வாடிப்போச்சு."

போய்ப் பால் வைத்தேன். டிகாக்ஷன் கலந்து, சர்க்கரை போட்டு, ஆற்றி, எப்போதும்போல இரண்டு டம்ளரில் ஊற்றினேன். அவளால் குடிக்க முடியாது என்பது ஊற்றிய பிறகுதான் ஞாபகம் வந்தது.